பார்வைக் கவனம்

பார்வைக் கவனம் என்பது, கண்ணுக்குள் ஒரே நேரத்தில் வந்து சேரும் ஏராளமான காட்சித் தகவல்களுள் சிலவற்றை மட்டும் மூளை தேர்ந்தெடுத்து ஆராயும் செயற்பாடு ஆகும். இது காட்சிக் கவனம் என்றும் குறிப்பிடப்படும். தேர்ந்தெடுக்கப்பட்டவை தெளிவாக உணரப்பட்டு நினைவில் நிற்கின்றன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி கண்ணில் விழுந்தும் காணப்படாமலே போகின்றது. உளவியல், நரம்பியல் ஆகிய இரு துறைகளிலும் மிகுதியாக ஆராயப்பட்டுள்ள பொருள்களுள் இது ஒன்று.

ஒரு பொருளைக் கண் நோக்கினாலே மனம் அதைக் கண்டுவிடும் என்பது பொதுவான எண்ணம். நோக்குவதும் காண்பதும் வெவ்வேறு என்பதே இத்துறை ஆய்வுகளின் முதன்மையான முடிவு. சாலை விபத்துகள், மருத்துவப் படங்களில் நோயைத் தவறவிடுதல், நீதிமன்றச் சாட்சியம் ஆகியவற்றில் இந்த வேறுபாடு பெரும் விளைவுகளை உண்டாக்குகின்றது.

கண்ணின் வரம்புகள்

மனிதனின் விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி கோல் உயிரணுக்களும் 60 இலட்சம் கூம்பு உயிரணுக்களும் உள்ளன. ஆனால் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் உள்ள இழைகள் ஏறத்தாழ 10 இலட்சமே. எனவே தகவலைச் சுருக்கும் வேலை கண்ணிலேயே தொடங்கிவிடுகின்றது. மேலும், நுணுக்கமான விவரங்களை அறியும் ஆற்றல் விழித்திரை முழுவதும் ஒரே அளவில் இல்லை. நடுவிலுள்ள மையக்குழி என்னும் சிறு பகுதியிலேயே கூம்புகள் நெருக்கமாக அமைந்துள்ளன. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு இடமே ஒரு கணத்தில் கூர்மையாகத் தெரியும். மற்ற இடங்கள் மங்கலானவை.

இக்குறையை ஈடுசெய்யக் கண்கள் நொடிக்கு மூன்று அல்லது நான்கு முறை இடம் விட்டு இடம் தாவுகின்றன. தாவும்போது பார்வை பெரிதும் அடக்கப்படுகின்றது. கண்ணாடி முன் நின்று தன் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி நோக்கும் ஒருவர், தன் கண்கள் அசைவதை ஒருபோதும் காண முடியாததற்கு இதுவே காரணம். அருகில் நிற்பவருக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். கண்ணை ஒளிப்படக் கருவிக்கு ஒப்பிடும் பள்ளிப் பாடநூல் உவமை, ஒளி விழித்திரையை அடையும் வரை மட்டுமே பொருந்தும்.

கவனம் பெரும்பாலும் கண்ணசைவோடு சேர்ந்தே நகரும். ஆயினும் கண்ணை அசைக்காமலும் கவனத்தை நகர்த்த முடியும். ஓரக்கண்ணால் பார்த்தல் என்று வழக்கில் கூறப்படுவது இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. கண்ணோடு நகர்வதை வெளிப்படைக் கவனம் என்றும், கண் அசையாதிருக்க நகர்வதை மறைமுகக் கவனம் என்றும் பிரித்துக் கூறுவர்.

தொடக்க கால ஆய்வுகள்

மறைமுகக் கவனத்தைச் சோதனை மூலம் முதலில் காட்டியவர் 19ஆம் நூற்றாண்டின் செர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இருட்டறையில், எழுத்துகள் நிறைந்த ஒரு தாளின் நடுப்புள்ளியை அவர் நோக்கிக்கொண்டிருந்தார். ஒரு மின்பொறி கணநேரம் மட்டும் தாளை ஒளியூட்டியது. கண்ணை அசைக்க அந்த நேரம் போதாது. எனினும் எந்தப் பகுதியைக் கவனிப்பது என்று முன்கூட்டியே மனத்தில் முடிவு செய்துகொண்டாரோ, அந்தப் பகுதியின் எழுத்துகளை அவரால் படிக்க முடிந்தது. மற்ற எழுத்துகளைப் படிக்க இயலவில்லை. கண் நோக்கிய இடம் ஒன்று, கவனம் சென்ற இடம் வேறொன்று.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ல் வெளியிட்ட உளவியல் நூலில் கவனத்திற்கென்று ஒரு தனி இயல் ஒதுக்கினார். அதன்பின் நடத்தையியல் கொள்கை செல்வாக்குப் பெற்றதால், மனத்தின் உள்ளே நடப்பவை பற்றிய ஆய்வு பல பத்தாண்டுகள் பின்தங்கியது. இரண்டாம் உலகப்போர் அந்நிலையை மாற்றியது. ராடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த படைவீரர்கள் திரையில் தோன்றிய புள்ளிகளைத் தவறவிட்டனர். இதை ஆராய்ந்த பிரித்தானிய உளவியலாளர் நார்மன் மேக்வர்த், கடிகார முள் போன்ற ஒன்று எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டறியும் சோதனையை அமைத்தார். அரை மணி நேரத்திற்குள்ளாகவே பார்வையாளரின் திறன் குறைவதை 1948ல் அவர் அறிவித்தார்.

டொனால்ட் பிராட்பென்ட் 1958ல் முன்வைத்த வடிகட்டிக் கோட்பாடு, மூளையைக் குறுகிய கொள்ளளவுடைய தகவல் வழியாகக் கருதியது. அது பெரும்பாலும் செவிப்புலச் சோதனைகளின் அடிப்படையில் எழுந்தது. பார்வை தொடர்பில் சோவியத் ஆய்வாளர் அல்பிரட் யார்பஸின் பணி குறிப்பிடத்தக்கது. இலியா ரேப்பின் வரைந்த ஓர் ஓவியத்தை ஒருவரிடம் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வினா எழுப்பி, அவருடைய கண்ணசைவுகளை யார்பஸ் பதிவு செய்தார். ஓவியத்திலுள்ளோரின் வயதைக் கேட்டபோது கண்கள் முகங்களைச் சுற்றின. குடும்பத்தின் செல்வநிலையைக் கேட்டபோது ஆடைகளுக்கும் அறைப்பொருள்களுக்கும் தாவின. ஓவியம் மாறவில்லை, நோக்கமே மாறியது.

போஸ்னரின் குறிப்புச் சோதனை

கண்ணுக்குத் தெரியாத கவனத்தை எவ்வாறு அளப்பது? இத்துறையின் பெரும்பாலான சோதனைகள் எதிர்வினை நேரத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. மைக்கேல் போஸ்னர் 1980ல் விளக்கிய சோதனை இதற்கு முன்மாதிரியாகும்.

பங்கேற்பவர் திரையின் நடுவிலுள்ள புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. முதலில் இடப்புறத்தையோ வலப்புறத்தையோ சுட்டும் அம்புக்குறி ஒன்று தோன்றும். பின்னர் ஏதேனும் ஒரு புறத்தில் ஓர் ஒளி தோன்றும். அதைக் கண்டதும் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலான முறைகளில் அம்புக்குறி சரியான புறத்தைக் காட்டும், சிலமுறை தவறான புறத்தைக் காட்டும். சரியாகக் காட்டியபோது எதிர்வினை விரைவாகவும், தவறாகக் காட்டியபோது தாமதமாகவும் இருந்தது. இடைப்பட்ட வேறுபாடு சில பத்து மில்லி நொடிகளே. ஆனால் கண் இரு நிலைகளிலும் அசையவில்லை. ஆகவே அந்த வேறுபாடு கவனம் இடம் மாற எடுத்துக்கொண்ட நேரத்தால் விளைந்தது.

அம்புக்குறியைப் பின்பற்றுவது பங்கேற்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. அம்புக்குறிக்கு மாற்றாக ஓரத்தில் திடீரென ஒரு மின்னல் தோன்றினால், அதைப் பொருட்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டாலும் கவனம் அங்கு இழுக்கப்படும். முன்னதை உள்ளெழு கவனம் என்றும் பின்னதைப் புறவெழு கவனம் என்றும் கூறலாம். கவர்ந்திழுக்கப்பட்ட கவனம் சுமார் 300 மில்லி நொடிகளுக்குப் பின் அந்த இடத்திற்குத் திரும்பத் தயங்குகின்றது என்பதை போஸ்னரும் யோவ் கோகனும் 1984ல் காட்டினர். பார்த்த இடத்தையே மீண்டும் பார்க்காமல் புதிய இடத்தைத் தேட இது உதவும் என்று கருதப்படுகின்றது.

இத்தகைய முடிவுகளால் கவனத்தை ஒரு கைவிளக்கின் ஒளிவட்டத்திற்கு ஒப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. பயனுள்ள உவமைதான், எனினும் முழுமையானது அன்று. ஜெனான் பிலிஷின், ரான் ஸ்டார்ம் ஆகியோர் 1988ல் நடத்திய சோதனையில், திரையில் ஒன்றுபோலத் தோன்றி அங்குமிங்கும் நகர்ந்த பொருள்களுள் நான்கைந்தைப் பங்கேற்றோர் ஒரே நேரத்தில் பின்தொடர்ந்தனர். ஒரே ஒளிவட்டத்தைக் கொண்டு இதை விளக்குவது கடினம்.

காட்சித் தேடல்

கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடும் தாய்க்கு, அக்கூட்டத்தில் வேறு எவரும் மஞ்சள் ஆடை அணியாதிருக்கப் பிள்ளை மட்டும் அணிந்திருந்தால் வேலை எளிது. பலரும் மஞ்சள் அணிந்திருந்தால் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். இவ்வேறுபாட்டை ஆய்வுக்கூடத்தில் அளந்தவர் ஆன் டிரைஸ்மன். அவரும் கேரி கெலேடும் 1980ல் வெளியிட்ட கூறு ஒருங்கிணைப்புக் கோட்பாடு, இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆக்கங்களுள் ஒன்று.

பச்சை எழுத்துகள் நடுவே ஒரு நீல எழுத்தைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம், எழுத்துகள் ஐந்தானாலும் முப்பதானாலும் ஏறத்தாழ ஒன்றே. அது தானாகவே கண்ணில் படுகின்றது. ஆனால் தேடப்படும் பொருள் நிறம், வடிவம் என்னும் இரு கூறுகளின் சேர்க்கையால் மட்டுமே வேறுபடுமானால், எழுத்துகள் கூடக் கூடத் தேடும் நேரமும் கூடுகின்றது. தேடிய பொருள் திரையில் இல்லாதபோது நேரம் ஏறும் வீதம் ஏறத்தாழ இருமடங்காகின்றது. பொருள் இருந்தால் சராசரியாகப் பாதி எழுத்துகளைப் பார்த்ததும் தேடலை நிறுத்தலாம், இல்லாவிட்டால் அனைத்தையும் பார்த்தாக வேண்டும். கணிப்பொறியியலில் வரிசைத் தேடல் எனப்படும் நிரலின் இயல்பும் இதுவே. 'ன' எழுத்துகளால் நிரம்பிய பக்கத்தில் ஒரே ஒரு 'ண' எழுத்தைத் தேடும் எவரும் இவ்வகைத் தேடலின் மெதுமையை உணரலாம்.

நிறம், சாய்வு, அசைவு போன்ற அடிப்படைக் கூறுகளை மூளை கவனமின்றியே, காட்சி முழுவதிலும் ஒருங்கே பதிவு செய்கின்றது. எந்த நிறம் எந்த வடிவத்திற்கு உரியது என்று இணைப்பதற்கே கவனம் தேவை என்பது டிரைஸ்மனின் விளக்கம். கவனம் வேறிடத்தில் இருக்கும்போது கூறுகள் தவறாக இணையலாம். சிவப்பு வட்டமும் நீலச் சதுரமும் கணநேரம் காட்டப்பட, நீல வட்டத்தைக் கண்டதாகச் சிலர் உறுதியாகக் கூறினர். இதைப் பொய்யிணைப்பு என்பர்.

பின்னாளில் இக்கோட்பாடு பலவாறு திருத்தப்பட்டது. ஜெரமி வுல்ஃபும் உடன் ஆய்ந்தோரும் 1989ல் முன்வைத்த வழிகாட்டப்பட்ட தேடல் என்னும் கருத்தின்படி, மூளை கண்மூடித்தனமாக ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. முதற்கட்டத்தில் கிடைத்த நிறம் முதலான தகவல்களைக் கொண்டு வாய்ப்பு மிகுந்த இடங்களை முதலில் நாடுகின்றது.

கவனமின்மைக் குருடு

நேராக எதிரே உள்ள, தெளிவாகத் தெரியக்கூடிய பொருளைக் கவனம் வேறொன்றில் இருப்பதால் காணாமல் போவது கவனமின்மைக் குருடு எனப்படும். கண்ணில் எக்குறையும் இல்லை. அரியன் மேக், இர்வின் ராக் ஆகியோர் 1998ல் எழுதிய நூலால் இப்பெயர் நிலைபெற்றது. 1970களிலேயே உல்ரிக் நைசர் இதைக் காட்டியிருந்தார். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு காணொளிகளில் ஒன்றைக் கவனித்தோர், குடை பிடித்து நடந்து சென்ற ஒரு பெண்ணைக் காணவில்லை. பேய் உருக்கள்போல் மங்கிய படங்கள் என்பதால் அம்முடிவு அன்று பெரிதாகக் கொள்ளப்படவில்லை.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சப்ரிஸ் ஆகியோர் 1999ல் வெளியிட்ட கொரில்லா சோதனை இந்த ஐயத்தை நீக்கியது. காணொளியில் வெள்ளைச் சட்டை அணிந்த மூவரும் கறுப்புச் சட்டை அணிந்த மூவரும் தத்தம் குழுவுக்குள் பந்தை எறிந்து பிடித்தனர். ஒரு குழுவின் எறிதல்களை மட்டும் எண்ணுமாறு பார்வையாளர்களிடம் கூறப்பட்டது. சற்று நேரத்தில் கொரில்லா உடை அணிந்த ஒருவர் ஆட்டக்காரர்கள் நடுவே நுழைந்து ஐந்து நொடிகளில் மறுபக்கம் சென்றார். கொரில்லாவோ குடை பிடித்த பெண்ணோ தோன்றிய பல்வகைக் காணொளிகளில், மொத்தம் 192 பார்வையாளர்களுள் 46 விழுக்காட்டினர் அந்த எதிர்பாராத உருவத்தைக் காணவில்லை. கொரில்லா நடுவில் நின்று மார்பில் தட்டிக்கொண்டு, ஒன்பது நொடிகள் திரையில் இருந்த மற்றொரு வடிவத்திலும் பாதிப்பேர் காணவில்லை. காணொளியை மீண்டும் காட்டியபோது, இது வேறு படம் என்று வாதிட்டோரும் உண்டு. இந்த ஆய்வுக்கு 2004ல் இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசு முதலில் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு உரியது.

கொரில்லா மிகுந்த அளவில் தவறவிடப்பட்டது எவரால் என்பதும் கவனிக்கத்தக்கது. கறுப்புச் சட்டைக் குழுவை எண்ணியோர் அதைக் கூடுதலாகக் கண்டனர். வெள்ளைச் சட்டையைத் தொடர்ந்தோர் கறுப்பு நிறம் அனைத்தையும் ஒதுக்கியதால் கறுப்பு நிறக் கொரில்லாவையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டனர். டேனியல் மெம்மெர்ட் 2006ல் சிறுவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது, கொரில்லாவைக் காணாதவர்களின் கண்களும் கண்டவர்களின் கண்களைப் போலவே ஏறத்தாழ ஒரு நொடி அதன்மீது நிலைத்திருந்தன. நோக்கியும் காணவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

பயிற்சி பெற்ற வல்லுநர்கள் இதற்கு விலக்கா? டிராஃப்டன் டிரூ, மெலிசா வோ, ஜெரமி வுல்ஃப் ஆகியோர் 2013ல் நுரையீரல் சி.டி. படங்களில் சிறிய கொரில்லா உருவம் ஒன்றைச் செருகி, 24 கதிரியல் மருத்துவர்களிடம் அளித்தனர். மருத்துவர்கள் தேடியது புற்றுநோயைக் காட்டக்கூடிய சிறு முடிச்சுகளை. கொரில்லா அம்முடிச்சின் சராசரி அளவைப்போல் 48 மடங்கு பெரியது. எனினும் 20 மருத்துவர்கள் அதைக் காணவில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் கண்கள் அது இருந்த இடத்தின்மேலேயே பட்டிருந்தன. பயிற்சியற்ற பொதுமக்களுள் ஒருவர்கூட அதைக் காணவில்லை என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும், இல்லையேல் மருத்துவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

காணாதவர் உண்மையில் எதையுமே உணர்வதில்லையா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எதையும் காணவில்லை என்று கூறியவர்களிடம், அது எப்பக்கம் தோன்றியது, என்ன நிறம் என்று வற்புறுத்திக் கேட்டால், குருட்டு ஊகத்தைவிடச் சிறப்பாகவே விடையளிக்கின்றனர் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020களில் காட்டியுள்ளனர்.

மாற்றக் குருடு

காட்சியில் ஏற்படும் பெரிய மாற்றத்தையும் அறியாதிருப்பது மாற்றக் குருடு ஆகும். ரொனால்ட் ரென்சிங்க் முதலியோர் 1997ல் ஒரே ஒளிப்படத்தின் இரு வடிவங்களை மாறிமாறிக் காட்டி, இடையில் கணநேரம் வெற்றுத் திரையை இட்டனர். வானூர்தியின் பொறி மறைவது போன்ற மாற்றத்தைக் கண்டுபிடிக்கவும் பலருக்கு நீண்ட நேரம் பிடித்தது. வெற்றுத் திரை இல்லாவிட்டால் மாற்றம் அசைவாகத் தோன்றிக் கவனத்தை உடனே இழுத்துவிடும்.

சைமன்ஸும் டேனியல் லெவினும் 1998ல் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பார். பேசிக்கொண்டிருக்கையில் இருவர் ஒரு கதவைச் சுமந்துகொண்டு அவர்கள் இடையே செல்வர். அந்த மறைவில் வழி கேட்டவர் மாறி, வேறொருவர் பேச்சைத் தொடர்வார். 15 வழிப்போக்கர்களுள் எண்மர் ஆள் மாறியதை அறியவில்லை.

தாம் இத்தகைய மாற்றத்தை உறுதியாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்றே கேட்கப்பட்டோருள் பெரும்பாலோர் கூறுகின்றனர். தவறவிட்டதைத் தவறவிட்டோம் என்று அறிய வழியில்லாததால் இந்த நம்பிக்கை திருத்தப்படுவதே இல்லை.

மூளைப் பாதிப்பும் கவனமும்

மூளையின் வலப்பக்கச் சுவர்மடலும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் பக்கவாதத்தால் பாதிக்கப்படும்போது, ஒருபக்கப் புறக்கணிப்பு என்னும் நிலை ஏற்படலாம். இந்நோயர்களுக்கு இடக்கண் குருடு அன்று. உலகின் இடப்பாதியே அவர்களின் கவனத்திற்கு வருவதில்லை. தட்டின் வலப்பாதியில் உள்ள உணவை மட்டும் உண்டு, போதவில்லை என்பர். முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொள்வர்.

இத்தாலியின் எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுசாட்டி ஆகியோர் 1978ல், மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை நன்கறிந்த இரு நோயர்களிடம், பேராலயத்தை நோக்கி நிற்பதாகக் கற்பனை செய்து சுற்றியுள்ள கட்டடங்களைக் கூறுமாறு கேட்டனர். பெரும்பாலும் வலப்பக்கக் கட்டடங்களையே கூறினர். பின்னர் பேராலயப் படியில் நின்று எதிர்த்திசையில் நோக்குவதாகக் கற்பனை செய்யச் சொன்னதும், முன்பு விட்டவற்றைக் கூறி, முன்பு கூறியவற்றை விட்டுவிட்டனர். நினைவு முழுமையாகவே இருந்தது. மனக்கண்ணின் இடப்பாதிக்குத்தான் கவனம் செல்லவில்லை.

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், உடன் ஆய்ந்தோருடன் 1997ல் இத்தகைய நோயர்களின் வலப்புறம் ஒரு கண்ணாடியை வைத்தார். இடப்புறம் பிடிக்கப்பட்ட எழுதுகோலின் பிம்பம் அதில் தெரிந்தது. எழுதுகோலை எடுக்கச் சொன்னபோது, சில நோயர்கள் இடப்புறம் திரும்பாமல் கண்ணாடிக்குள்ளேயே கையை நுழைக்க முயன்றனர்.

நடைமுறை வாழ்வில்

வண்டி ஓட்டும்போது கைப்பேசியில் பேசுவதன் தீங்கு கையைச் சார்ந்தது அன்று. டேவிட் ஸ்ட்ரேயர், வில்லியம் ஜான்ஸ்டன் ஆகியோர் 2001ல் நடத்திய சோதனையில், வண்டியோட்டலை ஒத்த பணியில் ஈடுபட்டோர் கைப்பேசியில் பேசியபோது தவறவிட்ட நிறுத்தக் குறிகள் இருமடங்குக்கு மேல் கூடின. கையில் பிடித்துப் பேசினாலும் கை தொடாமல் பேசினாலும் விளைவு ஒன்றே. வானொலி கேட்டபோது அத்தகைய பாதிப்பு காணப்படவில்லை. கையில் பிடித்துப் பேசுவதை மட்டும் தடுக்கும் சட்டங்கள் இக்காரணத்தால் குறைபாடுடையவை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1995 சனவரியில் துப்பாக்கிச் சூட்டு வழக்கில் தேடப்பட்ட ஒருவரைக் காவலர்கள் இரவில் துரத்தினர். சாதாரண உடையில் இருந்த கறுப்பினக் காவலர் மைக்கேல் காக்ஸைக் குற்றவாளி என்று எண்ணிச் சக காவலர்களே கொடுமையாகத் தாக்கினர். அதே இடத்தைக் கடந்து ஓடி, வேலி ஏறிக் குதித்துக் குற்றவாளியைப் பிடித்த கென்னி கான்லி என்னும் காவலர், தாக்குதலைத் தான் காணவில்லை என்று உறுதிமொழியின்மேல் கூறினார். அத்தனை அருகில் நடந்ததைக் காணாதிருக்க முடியாது என்று கருதிய நடுவர் குழு, 1998ல் பொய்ச்சாட்சியம் கூறியதாக அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. 34 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு ஓர் ஆவணத்தை மறைத்தது என்னும் வேறு காரணத்தால், 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பு செல்லாது என்பதை உறுதிசெய்தது. தாக்கப்பட்ட காக்ஸ் 2022ல் அந்நகரக் காவல்துறையின் ஆணையராக நியமிக்கப்பட்டார்.

கான்லி கூறியது உண்மையா என்பதை எச்சோதனையாலும் நிறுவ இயலாது. அது நடந்திருக்கக்கூடியதா என்பதைச் சோதிக்கலாம். சப்ரிஸ், சைமன்ஸ் முதலியோர் 2011ல் அவ்வாறு சோதித்தனர். ஓடும் ஒருவரைப் பின்தொடர்ந்து, அவர் தலையை எத்தனை முறை தொடுகிறார் என்று மாணவர்கள் எண்ணவேண்டும். வழியோரத்தில் மூவர் ஒரு சண்டையை நடித்தனர். இரவில் 35 விழுக்காட்டினரே அச்சண்டையைக் கண்டனர். பட்டப்பகலிலும் 56 விழுக்காட்டினரே கண்டனர்.

அரிதாகத் தோன்றுவதைத் தேடுவோரின் இடர் வேறுவகையானது. வானூர்தி நிலையத்தில் பைகளைச் சோதிப்பவர் ஆயிரக்கணக்கான பைகளைப் பார்த்தும் ஓர் ஆயுதத்தையும் காணாதிருக்கலாம். வுல்ஃப் முதலியோர் 2005ல் வெளியிட்ட சோதனையில், பாதிப் படங்களில் தேடுபொருள் இருந்தபோது பங்கேற்றோர் 7 விழுக்காட்டைத் தவறவிட்டனர். நூற்றில் ஒரு படத்தில் மட்டுமே இருந்தபோது 30 விழுக்காட்டைத் தவறவிட்டனர். கிடைக்காது என்று பழகியவர் தேடலை விரைவில் கைவிடுகின்றார். இதன் பொருட்டுப் பல நாடுகளின் வானூர்தி நிலையங்களில், உண்மையான பைகளின் ஊடுகதிர்ப் படங்களில் இடையிடையே ஆயுதங்களின் போலி உருவங்களைக் கணினி செருகுகின்றது. சோதிப்பவர் அதைச் சுட்டியதும் அது போலி என்ற அறிவிப்பு திரையில் தோன்றும்.